செத்த பிறகும் பட்டியலில் ஏன்?

சர்வரில் ‘பிஎஸ்’ கட்டளை போட்டால் சில வரிகளில் நிலையைக் காட்டும் இடத்தில் ‘இசட்’ என்ற எழுத்தும், வரிக் கடைசியில் ‘டிஃபங்க்ட்’ என்ற குறிப்பும் தெரியும். ஸோம்பி என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். பார்த்தவுடன் கை ‘கில் மைனஸ் ஒன்பது’ என்று அடிக்கும், ஒன்றும் நடக்காது. ஏற்கெனவே செத்துவிட்ட புரோசஸை இன்னொரு முறை கொல்ல முடியாது. அப்படியென்றால் அதன் எண் ஏன் இன்னும் பட்டியலில் இருக்கிறது? கெர்னலில் உள்ள பழைய ஓட்டை, யாரும் அடைக்காமல் விட்டுவிட்டார்கள் என்றுதான் முதலில் தோன்றும். அது ஓட்டையே அல்ல, தெரிந்து கட்டிய ஏற்பாடு என்பது என் வாதம். அதற்கான சான்று யூனிக்ஸின் பழைய மூலநிரலிலேயே கிடைக்கிறது.

தேட ஆரம்பிக்க 1975இல் வந்த ஆறாம் பதிப்பு நல்ல இடம். நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜான் லயன்ஸ் 1977இல் விரிவான விளக்கம் எழுதியது இந்த நிரலுக்குத்தான். 2002இல் கால்டெரா நிறுவனம் உரிமத்தைத் தளர்த்தியதால் இப்போது யார் வேண்டுமானாலும் படிக்கலாம். அதில் ‘எக்ஸிட்’ பகுதியைப் பாருங்கள். சாகப்போகும் புரோசஸ் திறந்துவைத்த ஃபைல்களை கெர்னல் மூடுகிறது. நினைவகத்தைப் பிடுங்கிக்கொள்வதற்கு முன்னால், ஸ்வாப் வட்டில் 512 பைட் கொண்ட ஒரு பிளாக்கை ஒதுக்கி, புரோசஸ் எப்படி முடிந்தது, சிபியு நேரம் எவ்வளவு எடுத்தது என்ற விவரங்கள் அடங்கிய பகுதியை அதில் எழுதிவைக்கிறது. அதன் பிறகுதான் நிலையை ஸோம்பி என்று மாற்றி, அதைத் துவக்கிய தாய் புரோசஸை எழுப்புகிறது. தாய் ‘வெயிட்’ என்று கேட்டதும் அந்த பிளாக் மறுபடி படிக்கப்படுகிறது. பிள்ளை செலவழித்த நேரம் தாயின் கணக்கில் ஏறுகிறது. முடிவு நிலை தாயின் கைக்குப் போகிறது. பட்டியலில் இடம் காலியாகிறது. வட்டில் இடம் ஒதுக்கி எழுதிவைப்பது மறதியில் நடக்கிற காரியமல்ல.

இன்னும் பின்னால் போனால் காரணமே தெரிகிறது. பெல் லேப்ஸில் பிடிபி-7 கணினியில் ஓடிய முதல் யூனிக்ஸில் ‘வெயிட்’ கிடையாது என்று, யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான டென்னிஸ் ரிச்சி 1979இல் எழுதிய கட்டுரையில் சொல்கிறார். புரோசஸ்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பும் வசதிதான் இருந்தது. ஷெல் ஒரு கட்டளையைத் துவக்கிவிட்டு, அந்தப் புரோசஸுக்கே ஒரு செய்தி அனுப்பும். அதை யாரும் வாங்கப்போவதில்லை என்பதுதான் கணக்கு. கட்டளை முடிந்ததும், அப்படி ஒரு புரோசஸ் இல்லை என்ற பிழை திரும்பி வரும். வேலை முடிந்தது என்று ஷெல் புரிந்துகொள்ளும். இதில் உள்ள கோளாறையும் ரிச்சி மறைக்கவில்லை. கட்டளை தன் வேலைக்காகச் செய்தி வாங்கும் வசதியைத் தொட்டால், ஷெல் அனுப்பிய போலிச் செய்தி அதன் கையில் சிக்கும். கட்டளை முடிந்ததாக எண்ணி ஷெல் அடுத்த வரிக்குப் போய்விடும். கென் தாம்ப்சனும் ரிச்சியும் 1971 நவம்பரில் தந்த முதல் கையேட்டில் ‘வெயிட்’ வந்துவிட்டது. பழைய முறையில், இல்லை என்ற பிழையால் சாவை அறியலாம். எப்படிச் செத்தது என்பதை அறிய முடியாது. அதைச் சொல்லவேண்டுமென்றால் தாய் கேட்கும்வரை விடையை எங்காவது வைத்திருக்கவேண்டும். தாயும் பிள்ளையும் தனித்தனியாக ஓடுவதால், தாய் கேட்பதற்கு முன்பே பிள்ளை முடிந்துபோவது சாதாரணம். கையெழுத்துப் போட்டு வாங்க ஆள் வரும்வரை தபால் ஆபீசில் இருக்கும் பதிவுத் தபால்தான் ஸோம்பி.

விடையை வேறெங்காவது வைத்துக்கொண்டு எண்ணையாவது விடுவிக்கலாமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆறாம் பதிப்பில் புதுப் புரோசஸுக்கு எண் தரும் இடத்தில் பதில் இருக்கிறது: பட்டியலில் ஏற்கெனவே உள்ள எண் என்றால் கெர்னல் அதைத் தாண்டி அடுத்த எண்ணுக்குப் போகிறது. ஸோம்பி வைத்திருக்கும் எண்ணும் அப்படியே காக்கப்படுகிறது. விடுவித்தால் அதே எண் இன்னொரு புரோசஸுக்குப் போகும்; செத்தது தெரியாத தாய், தன் பிள்ளை என்று நினைத்து அதற்கு சிக்னல் அனுப்பிவிடும். தாய்க்கு அக்கறை இல்லையென்றால் கெர்னலே தூக்கி எறியட்டும் என்பது அடுத்த ஆட்சேபம். எறியும், ஆனால் அக்கறை இல்லை என்பதைத் தாய் சொல்லவேண்டும். பிள்ளை முடிந்ததைத் தெரிவிக்கும் ‘சிக்சைல்டு’ சிக்னலைப் புறக்கணிப்பதாக ஒரு வரி எழுதினால் லினக்ஸ் ஸோம்பியை வைத்துக்கொள்வதில்லை. 2001 போசிக்ஸ் தரமும் இதையே சொல்கிறது. சொல்லாத தாயின் மனதை கெர்னல் ஊகிக்கக் கூடாது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கனமான ஆட்சேபம், பட்டியல் நிரம்பிவிடும் என்பது. ஆறாம் பதிப்பில் மொத்த இடமே 50. லினக்ஸில் நீண்ட காலம் வழக்கமான உச்சவரம்பு 32768ஆக இருந்தது. பல நாள் ஓடும் சர்வரில் கவனமில்லாத ஒரு நிரல் அதையும் தின்றுவிடும், பிறகு புதுப் புரோசஸை உருவாக்கும் ‘ஃபோர்க்’ தோற்கும். ஆபத்து உண்மைதான். ஆனால் 1979இன் ஏழாம் பதிப்பில் இந்த ஏற்பாட்டை நீக்கவில்லை, செலவைத்தான் குறைத்தார்கள்: வட்டு பிளாக்கை விட்டுவிட்டு, பட்டியலில் அந்தப் புரோசஸ் வைத்திருந்த இடத்திலேயே முடிவு நிலையையும் நேரத்தையும் எழுதினார்கள். குற்றம் ‘வெயிட்’ கேட்காத தாயுடையது, பரிகாரமும் அங்கேதான். ஸோம்பியின் வரியில் தாயின் எண்ணைப் பார்த்து, அந்த நிரலைத் திருத்தவேண்டும். அவசரமென்றால் தாயை நிறுத்தவேண்டும். அநாதையானவை 1ஆம் எண் புரோசஸிடம் போகும். ஆறாம் பதிப்பில் அந்த 1ஆம் எண்ணான ‘இனிட்’ ஓயாத சுற்றில் ‘வெயிட்’ கேட்டுக்கொண்டே இருக்கிறது. தான் துவக்காத பிள்ளையின் எண் வந்தாலும் வாங்கிக்கொள்கிறது.

கண்டெய்னர்கள் வந்தபோது விடுபட்டது இந்தச் சுற்றுதான். டாக்கரில் நம் நிரலே 1ஆம் எண்ணாகிவிடுகிறது. அநாதைகளை வாங்கவேண்டும் என்பது அதற்குத் தெரியாது. அதனால்தான் 2017இல் டாக்கர் 1.13இல் ‘இனிட்’ விருப்பத்தைச் சேர்த்தார்கள். அதைக் கொடுத்தால் ஒரு சிறு நிரல் 1ஆம் இடத்தில் உட்கார்ந்து ‘வெயிட்’ கேட்கும். கொடுக்காமல் ஓடும் கண்டெய்னரில், குவியும் ஸோம்பிகளின் தாய் 1ஆம் எண்ணாகவே இருந்தால், கண்டெய்னரையே நிறுத்தித் துவக்கவேண்டியதுதான்.