மகன் வீட்டு மேசையில் ஒரு பாட்டில்

என் அப்பா குடிப்பவர். சம்பளம் வாங்கியதும் நேரே சாராயக்கடைக்குப் போய்விடுவார். அம்மா அடுப்பில் உலையை வைத்துவிட்டு, அரிசிக்காக வாசல்படியில் உட்கார்ந்திருப்பாள். அதைப் பார்த்து வளர்ந்த நான் ஒரு சொட்டும் தொட்டதில்லை. புதுச்சேரிக்காரன், அதுவும் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன் இப்படிச் சொன்னால் வெளியூர் நண்பர்கள் சிரிப்பார்கள். உண்மை அதுதான்.

சில ஆண்டுகளுக்கு முன் நானும் மனைவியும் மகனைப் பார்க்க இத்தாலியின் தூரின் நகருக்குப் போயிருந்தோம். முதல் நாள் இரவே சாப்பாட்டு மேசையில் ஒரு ஒயின் பாட்டில். நான் சாப்பிடாமல் எழுந்து போய்ப் படுத்துவிட்டேன். இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "அப்பா, ஒரு இடத்துக்குப் போகலாம் வாங்க. குடிக்க வேணாம், பாத்தா போதும்" என்று காரில் ஏற்றிக்கொண்டான்.

தூரின், பியமோந்தே மாநிலத்தின் தலைநகர். மலையடிவாரம் என்று பொருள். பிரெஞ்சு படித்தவர்களுக்குச் சொல்லாமலே விளங்கும். தெற்கே ஆல்பா என்ற ஊரைச் சுற்றி லாங்கே குன்றுகள். கண்ணுக்கெட்டிய மட்டும் வரிசை வரிசையாகத் திராட்சைக் கொடிகள். 2014இல் யுனெஸ்கோ இந்த வட்டாரத்தை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

வழியெல்லாம் மகன் சொல்லிக்கொண்டே வந்தான். இங்கே பேர்போன திராட்சை நெபியோலோ. இத்தாலிய மொழியில் 'நெபியா' என்றால் மூடுபனி. அக்டோபரில் பனி இறங்கும்போதுதான் பழுக்குமாம். பெயர் அதிலிருந்து வந்தது என்கிறார்கள். அதிலிருந்து செய்வதுதான் பரோலோ. பதினோரு ஊர்களில் விளைந்த பழத்தில் செய்தால்தான் அந்தப் பெயர். 38 மாதம் வைத்திருந்த பிறகே விற்கலாம். அதில் 18 மாதமாவது மரப் பீப்பாயில் இருக்க வேண்டும். 'ரிசெர்வா' என்று போட்டால் 62 மாதம். பக்கத்து பார்பரெஸ்கோவும் நெபியோலோதான். அதற்கு 26 மாதம். வீட்டுச் சாப்பாட்டோடு தினமும் வைப்பது பார்பேராவும் தோல்செத்தோவும். தோல்செத்தோ என்றால் 'இனிப்புக் குட்டி' என்பதுபோல் அர்த்தம், ஆனால் இனிக்காது. இனிப்பு வேண்டுமென்றால் மொஸ்காத்தோ தாஸ்தி. லேசாக நுரைக்கும், ஆல்கஹால் 5 சதவீதம் அளவுதான்.

பரோலோ கோட்டைக்குள் போனோம். இப்போது அங்கே ஒயின் அருங்காட்சியகம். பரோலோவின் புகழுக்குக் காரணமானவர்களில் ஒருவர் ஜூலியெத் கொல்பேர் என்ற பிரெஞ்சுப் பெண்மணி. பெயரைக் கேட்டதும் நிமிர்ந்தேன். 1664இல் பிரெஞ்சு கிழக்கிந்தியக் கம்பெனியைத் தொடங்கிவைத்த அமைச்சர் கொல்பேரின் குடும்பம்! அந்தக் கம்பெனி இல்லாவிட்டால் எங்கள் புதுச்சேரி ஏது? பரோலோ பிரபுவை மணந்த இந்த அம்மையார் தூரின் சிறையில் இருந்த பெண்களுக்காகப் பாடுபட்டவர். பிள்ளை இல்லை. 1864இல் காலமானபோது சொத்து தர்ம காரியங்களுக்குப் போனது.

திரும்பும்போது கேட்டேன்: "நீ எவ்வளவுடா குடிப்பே?"

"சாப்பாட்டோட ஒரு கிளாஸ்பா. அதுவும் லீவு நாள்ல. தாத்தா கதை எனக்குத் தெரியும். பாட்டி சொல்லியிருக்காங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தக் கதையை என் பிள்ளைகளிடம் நான் ஒருநாளும் சொன்னதில்லை. அம்மா எப்போது சொன்னாளோ! உலையை வைத்துவிட்டுக் காத்திருந்ததையும் சொல்லியிருப்பாளோ? கேட்க வாய் வரவில்லை.

அன்றிரவும் மேசையில் அதே பாட்டில் இருந்தது. எடுத்து அவன் கிளாஸில் நானே ஊற்றினேன். என் கை நடுங்கியது. அவன் ஒன்றும் பேசவில்லை. நான் தண்ணீர்தான் குடித்தேன். சாப்பிட்டு முடித்ததும், பாதிக்குமேல் மிச்சமிருந்த பாட்டிலைத் தக்கையால் மூடி அலமாரியில் வைத்தான். அவன் கதவைச் சாத்தும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் படுக்கப் போனேன்.