மதிலும் படலையும்

வீடு கட்டுதல் வேறு. வீட்டிற் குடியேறுதல் வேறு. முன்னையது பணத்தாலும் மேசன்மார், தச்சர் ஆகியோரின் உழைப்பாலும் முடிவது. பின்னையது அயலாலும் காலத்தாலும் முடிவது. யாழ்ப்பாணத்து மரபு இவ்வேறுபாட்டை நன்கு அறிந்திருந்தது. நாட்பார்த்து அத்திவாரக்கல் வைத்தல், நிலை வைத்தல், ஈற்றிற் பால் காய்ச்சிக் குடிபூரல் என்னும் சடங்குகள் ஒவ்வொன்றிலும் அயலவர்க்கு ஓரிடம் ஒதுக்கப்பட்டிருந்தமை இதற்குச் சான்றாகும். ஆயின் வீட்டின் உடைமையாளரே அந்நாட்டுக்கு அந்நியராயிருப்பின் குடியேறுதல் என்பது யாது? இவ்வினாவை எழுப்பும் வீடுகள் குடாநாட்டில் இன்று பல உள. அவற்றுள் வலிகாமத்துக் கிராமமொன்றிலுள்ள ஒரு வீட்டின் கதை ஈண்டுக் கூறத்தக்கது.

அவ்வீட்டுக்காரர் அவ்வூரிற் பிறந்தவர். 1983ஆம் ஆண்டின் கலவரத்தை அடுத்துத் தம் இருபத்து நான்காம் வயதில் நாட்டைவிட்டு வெளியேறியவர். கனடாவிற் குடியுரிமை பெற்று, தொழில் செய்து, பிள்ளைகளை ஆளாக்கி, ஓய்வுபெற்றபின் மனைவியுடன் ஊர் திரும்பினார். தாயார் நன்கொடையாக எழுதிவைத்த நான்கு பரப்புக் காணியில் இரண்டு மாடி வீடொன்று அவருக்காகக் காத்திருந்தது. அவர் வரையச் செய்த படம் கைத்தொலைபேசியிலே வந்தது. கட்டடம் எழுந்த ஒவ்வொரு கட்டமும் கைத்தொலைபேசியிலே அவருக்குச் சென்றது. தம் வீட்டின் நிலைக்கதவைக் கையால் தொட்டுப் பார்க்குமுன் அதனை நூறு தடவை கண்ணாற் பார்த்திருந்தார்.

சட்டத்தின் கண்ணில் அவர் அந்நியர். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டப்படி வேறொரு நாட்டின் குடியுரிமையை விரும்பி ஏற்பவர் இலங்கைப் பிரசையாக இருத்தல் ஒழியும். 1987ஆம் ஆண்டின் திருத்தம் இரட்டைப் பிரசாவுரிமைக்கு வழி திறந்தது. 2011இல் அவ்வழி அடைபட்டு 2015இல் மீண்டும் திறந்தது. அதற்குரிய விண்ணப்பத்தை அவர் நெடுங்காலம் ஒத்திவைத்திருந்தார். நிலம் பற்றிய சட்டமோ இன்னும் இறுக்கமானது. அந்நியருக்குக் காணி கைமாறும்போது அதன் பெறுமதி முழுவதற்கும் ஈடான வரி 2004இல் விதிக்கப்பட்டது. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் அத்தகைய கைமாற்றத்தையே பொதுவாகத் தடைசெய்தது. நெருங்கிய உறவினருக்கு நன்கொடையாகவோ மரணசாசனப்படியோ செல்லும் காணிக்கு அச்சட்டம் விலக்களித்தமையாற் காணி அவருக்குக் கிடைத்தது. ஆகவே நிலம் அவருடையது. அந்நிலத்தில் வசிப்பதற்கு மாத்திரம் அவருக்கு விசா வேண்டியிருந்தது. தாய்லாந்து போன்ற நாடுகளிலும் அந்நியர் வீடமைத்து வாழலாமெனினும் வீடு நிற்கும் நிலத்தை உடைமையாக்கிக்கொள்ளல் பெரிதும் அரிது. ஆங்கு குடியேறும் வெளிநாட்டவர் தாம் அந்நியர் என்பதை முதல் நாளே அறிவர். இவரோ தாம் அந்நியர் அல்லர் என்ற எண்ணத்துடன் வந்தார். இவருடைய இடர்ப்பாடு அங்கேதான் தொடங்கியது.

குடிபூரல் சிறப்பாகவே நடந்தேறியது. பசுவும் கன்றும் வந்தன, பால் பொங்கியது, படப்பிடிப்பாளர் இருவர் வந்தனர், நெடுநாட் காணாத உறவினர் வயிறார உண்டு வாழ்த்திச் சென்றனர். மறுநாட் காலை வீடு வெறிச்சோடிக் கிடந்தது. அதன் பின்னர் வந்தவர்களுள் பெரும்பாலோர் ஒரு தேவையோடு வந்தவர்கள்: கோயில் திருப்பணிக் கணக்கு, பாடசாலைக் கட்டட நிதி, வாசிகசாலைக்குக் கதிரை. அவர் இல்லையெனாது கொடுத்தார். வீதியிற் சந்தித்தவர்கள் இரண்டு வினாக்களையே கேட்டனர். "எப்ப வந்தனீங்கள்?" என்பது ஒன்று, "எப்ப போறியள்?" என்பது மற்றையது. அன்போடு கேட்கப்பட்ட வினாக்களே அவை. எனினும் வருதலுக்கும் போதலுக்கும் இடையில் இருத்தல் என்றொன்று உண்டென்பதை எவரும் எண்ணியதாகத் தெரியவில்லை.

வீடும் தன் பங்கிற்கு அவரைச் சோதித்தது. குடாநாட்டின் பழைய வீடுகள் முருகைக்கல்லாலும் சுண்ணாம்பாலும் தடித்த சுவரெழுப்பி, பனஞ்சிலாகைமேல் ஓடு வேய்ந்து, தாழ்வாரத்தை நன்கு பதித்துக் கட்டப்பட்டவை. நாற்சார் வீட்டின் நடுமுற்றம் வெளிச்சத்தையும் மழையையும் ஒருங்கே ஏற்றது. திண்ணை வழிப்போக்கனையும் ஏற்றது. புதுவீட்டில் இவற்றுள் ஒன்றுமில்லை. மேற்குப்புறம் பெருங் கண்ணாடி யன்னல்கள். மேலே கொங்கிரீட்டுத் தட்டு. சித்திரையில் வெயில் உச்சிக்கு நேரே நின்றெரிக்க, பகல் முழுவதும் வெம்மையை உண்ட தட்டு இரவு முழுவதும் அதனை அறைகளுக்குள் உமிழ்ந்தது. வைகாசியிற் சோளகம் பெயர்ந்ததும் செம்மண்தூள் வழவழப்பான தரையெங்கும் படிந்தது. ஐப்பசி மாரியில் தட்டின் மூலையொன்றில் நீர் கசிந்தது. குளிர்நாட்டில் வெயிலை உள்ளே வரவழைக்கக் கற்ற அறிவு, வெயிலை வெளியே நிறுத்தவேண்டிய நாட்டில் வீடாக எழுந்திருந்தது. யன்னல்களுக்கு வெளியே கிடுகுத் தட்டிகளைக் கட்டியபோதுதான் மனைவியார் பிற்பகலில் உறங்க முடிந்தது.

நீரின் கதை இதனினும் ஆழமானது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறு எனத் தக்கது எதுவுமில்லை. மழைநீர் சுண்ணக்கற் பாறையின் வெடிப்புகள் வழியே இறங்கி, கீழுள்ள உவர்நீரின்மேல் நன்னீர்ப் படையாக மிதக்கின்றது. புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருத்தலைப் பலரும் அறிவர். அளவறிந்து அள்ளின் அப்படை நிலைக்கும்; அளவிறந்து இறைப்பின் உவர் மேலேறும். பாறை துளையுடையதாதலின் மேலே ஊற்றப்படும் எதுவும் கிணற்றை எட்டும். ஒருவர் வளவிற் கிண்டும் மலக்குழி அடுத்தவர் வளவின் குடிநீரைத் தொடக்கூடும். இவ்வாறு நிலத்தின் மேலே வேலிகள் எத்தனை இருப்பினும் நிலத்தின் கீழே அயலவர் அனைவரும் ஒரே கலத்தில் உண்பவராவர். இவ்வுண்மையை அறிந்த முன்னோர் கிணற்றைப் பங்குடைமையாக வைத்தனர். ஒரு வளவிலுள்ள கிணற்றில் நான்கு வளவுகளுக்குப் பங்கிருக்கும். பங்கோடு போக்குவரத்துக்கான வழியும் உறுதியில் எழுதப்பட்டிருக்கும்.

அவர் வளவிலிருந்த கிணறும் அத்தகையதே. ஆயின் அவர் வரையச் செய்த படத்தில் அது தோன்றவில்லை. கதியால் வேலியும் படலையும் இருந்த இடத்தில் ஆறடி உயரத்துக்கு மதில் எழுந்தது. முன்னே இரும்புக் கேற் வந்தது. பின்வளவில் தனியே வாழ்ந்த மூதாட்டி தம் வாளியுடன் வந்துபோன ஒற்றையடிப்பாதை மதிலோடு முடிந்தது. அம்மூதாட்டி 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆந் திகதி வலிகாமம் முழுவதும் தென்மராட்சி நோக்கி நகர்ந்தபோது இடம்பெயர்ந்து, மறுவருடம் திரும்பிவந்து, தூர்ந்து கிடந்த அக்கிணற்றைத் தம் கைக்காசில் இறைப்பித்தவர். அதன்பின் இருபது வருடங்களுக்கு மேலாக அதனைப் பேணியவரும் அவரே. மதில் எழுந்தபோது அவர் ஒன்றும் சொல்லவில்லை. அப்பாலுள்ள மற்றொரு கிணற்றுக்கு நடக்கத் தொடங்கினார்.

அவர் ஒன்றும் சொல்லாமையே ஊருக்குப் பெருஞ்சொல்லாயிற்று. ஒரு நாள் ஒழுங்கையில் அவரைச் சந்தித்த வீட்டுக்காரர், "அக்கா, ஏன் நீங்கள் இந்தப் பக்கம் வாறதில்லை?" என வினவினார். சிறுவயதில் அவரை இடுப்பில் தூக்கித் திரிந்தவர் அம்மூதாட்டி. "நீ" என்றன்றி வேறாக அவரை அழைத்தறியாதவர். அன்று அவர் கூறிய மறுமொழி இது: "உங்கடை காணி, உங்கடை மதில். நீங்கள் வசதியாய் இருந்தால் போதும், தம்பி."

தம்பி என்ற சொல் மாறவில்லை. ஆயின் "நீ" "நீங்கள்" ஆகிவிட்டது. யாழ்ப்பாணத்துப் பேச்சில் "நீ", "நீர்", "நீங்கள்" என்னும் மூன்றும் மரியாதையை மட்டுமன்றித் தூரத்தையும் அளப்பவை. குடிவரவுத் திணைக்களம் அவரை அந்நியர் எனப் பதிவுசெய்தபோது அவர் பெரிதும் வருந்தியதில்லை. ஓர் எழுவாய்ச் சொல் அவரை அந்நியராக்கியபோது அவர் உறக்கமின்றித் தவித்தார்.

காரணத்தை அவர் அறிந்தது பழைய உறுதிகளைப் படித்த பின்னரே. இரட்டைப் பிரசாவுரிமைக்கு விண்ணப்பிக்க எண்ணி, தாயாரின் பெட்டகத்திலிருந்த பத்திரங்களை நொத்தாரிசு ஒருவரிடம் எடுத்துச் சென்றார். முதியவரான நொத்தாரிசு எல்லைகளை வாசித்தார். பின்பு காணியிலுள்ள வீடு, பயன்தரு மரங்கள் ஆகியவற்றை வாசித்தார். அதன்பின் கிணற்றின் பங்கையும் வழியையும் வாசித்து நிறுத்தினார். நாலிலொரு பங்கு பின்வளவுக்கு உரியது என அங்கே எழுதப்பட்டிருந்தது. காணி என்பது எல்லைகளால் மாத்திரம் ஆயதன்று. கடப்பாடுகளாலும் ஆயது என்பதே யாழ்ப்பாண வழமையின் உட்கிடை. ஒல்லாந்தர் 1707இல் தொகுப்பித்த தேசவழமையும், பங்காளருக்கு அறிவியாது காணியை வெளியாருக்கு விற்றலை அதனாற்றான் கட்டுப்படுத்திற்று.

அடுத்த வாரம் மேசன் வந்தார். மதிலின் பின்புறத்தில் மூன்றடி அகலத்துக்கு வழி உடைக்கப்பட்டு, பூட்டில்லாத மரப்படலையொன்று பூட்டப்பட்டது. கிணற்றுக்கு அண்மையில் அமைந்துவிட்ட மலக்குழியும் பெருஞ்செலவில் வளவின் மறுகோடிக்கு மாற்றப்பட்டது. அவர் நேரிற் சென்று மன்னிப்புக் கோரவில்லை. அவ்வாறு கோருதல் அம்மூதாட்டியைச் சங்கடப்படுத்தும் என்பதை மனைவியார் அறிந்திருந்தார். நான்கு நாள்கள் படலை திறவாதிருந்தது. ஐந்தாம் நாட் காலையில் வாளியின் ஓசை கேட்டது. மூதாட்டி கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பாசி பிடிச்சுப்போச்சு. மாரிக்கு முதல் கலக்கி இறைக்கவேணும். நீயும் நிற்பாய்தானே?"

எப்போது போகிறாய் என்று வினவாது நிற்பாய்தானே என்று வினவிய முதற் குரல் அது.

குடாநாடு அந்நியரை அறியாத நிலமன்று. 1816இல் வந்த அமெரிக்க மிசனரிமார் தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்தனவாகிய பாழ்பட்ட கட்டடங்களைச் செப்பனிட்டுக் குடியேறினர். 1847இல் வந்த மருத்துவர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் மருத்துவம் செய்ததோடு அமையாது, தமிழைக் கற்று மேலை மருத்துவ நூல்களைத் தமிழிலாக்கினார். அவர்கள் சமயநோக்கிற் பலர்க்கு முரண்பாடு இருந்தது; இருப்பினும் தாம் இந்நிலத்தின் மொழியைக் கற்கவேண்டியவர் என்பதில் அவர்களுக்கு ஐயம் இருக்கவில்லை. திரும்பிவருவோருக்கு மொழி தெரியும். தெரியும் என்பதனாலேயே கற்கவேண்டியது எதுவுமில்லை என மயங்குகின்றனர். அவர்கள் விட்டுச்சென்ற ஊர் அவர்கள் நினைவில் நின்றுவிட்டது. ஊரிலிருந்தோர்க்கோ போரும் இடப்பெயர்வும் இழப்பும் நிறைந்த முப்பது வருடங்கள் கழிந்துவிட்டன. அக்காலத்திற் கிணற்றைக் காத்தவர் யார், கோயில் விளக்கை ஏற்றியவர் யார் என்ற கணக்கு ஊரில் உண்டு. அக்கணக்கைப் பணத்தால் மட்டும் தீர்த்தல் இயலாது.

இதற்கு மறுபுறமும் ஒன்றுண்டு. அவ்வீட்டிலிருந்து சில மைல் தொலைவில், வலிகாமம் வடக்கில், 1990இல் இடம்பெயர்ந்து, உயர்பாதுகாப்பு வலயத்துள் அகப்பட்ட காணிகளின் விடுவிப்புக்காக ஆண்டுக்கணக்கிற் காத்திருந்த குடும்பங்கள் பல. காணிகள் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டபோது எல்லையும் கிணறும் தெரியாத பற்றைக்காடுகளையே அவர்களுட் பலர் கண்டனர். அதே 1990ஆம் ஆண்டு ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்தினின்றும் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுட் பலர்க்குத் தாம் பிறந்த தெருவிலேயே மீளக் குடியேறுதல் அரிதாயிற்று. பிரசாவுரிமை உடையோர் நிலமின்றி நிற்க, பிரசாவுரிமை இல்லாதார் மாடிவீடுகளைப் பூட்டிவைத்துச் செல்லும் முரண்பாடு இம்மண்ணில் நிலவுகின்றது. வருடத்தின் பதினொரு மாதங்கள் பூட்டிக் கிடக்கும் வீடுகளை நோக்குமிடத்து, குடாநாட்டின் உண்மைக் குறை வீட்டின் குறையன்று, குடியின் குறையே என்பது புலப்படும்.

மேற்கூறிய வீட்டுக்காரர் இரட்டைப் பிரசாவுரிமைக்கு விண்ணப்பித்துள்ளார். அது கிடைக்குமாயின் விசாவின் தொல்லை தீரும், அவ்வளவே. கிணறு அவ்வாண்டு புரட்டாதியில் இறைக்கப்பட்டது. செலவின் நாலிலொரு பங்கை மூதாட்டி தாமே கொடுத்தார். வேண்டாம் என மறுக்க அவர் வாயெடுத்தார். எடுத்த பின் அடக்கிக்கொண்டு பணத்தை எண்ணி வாங்கினார்.