மேற்படிப் பட்டன்

ஸ்காபரோவில் எங்கள் நிலவறைப் படிக்கட்டு விளக்கை இரண்டு இடங்களில் இருந்து ஏற்றலாம். முன்பு கீழே இருந்தது மின்கம்பியோடு இணைந்த ஸ்மார்ட் சுவிச். மேலே கதவோரம் இருந்தது சுவரில் ஒட்டிய பட்டன்; உள்ளே சிறு பற்றரி, கம்பி எதுவும் கிடையாது. அழுத்தினால் செய்தி வானலையில் போய்க் கீழ்ச் சுவிச் விளக்கை ஏற்றும். ரொறன்ரோவில் டிசம்பர் தொடக்கத்தில் மாலை 4.45க்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். அந்த நேரத்தில்தான் அம்மா உடுப்புக் கூடையோடு கீழே இறங்குவார்.

"தம்பி, ஒருக்கா எரியுது, ஒருக்கா எரியேல்லை" என்றார்.

இதை நான் சின்ன விசயமாக நினைக்கவில்லை. முற்றாகப் பழுதான சுவிச்சை எவரும் நம்பமாட்டார்கள். டோர்ச் எடுத்துக்கொண்டு இறங்குவார்கள். அநேகமாக எரிகிற விளக்கு அப்படியல்ல. இப்போது எரிந்துவிடும் என்று நம்பி, இருட்டில் ஒரு காலை முன்னே வைக்கத் தோன்றும். வயதானவர்களுக்கு அந்த ஒரு படி போதும்.

வந்து வந்து போகும் கோளாறைப் பிடிக்க, அது எப்போது வருகிறது என்று குறித்து வைப்பதைவிட நல்ல வழி இல்லை. புதுப் பற்றரி போட்டும் மாறவில்லை. காலையில் பட்டன் ஒழுங்காக வேலை செய்தது, மாலையில்தான் தவறியது. பட்டன் பேசும் ஸிக்பீ முறையும் வைஃபையும் ஒரே 2.4 கிகாஹேர்ட்ஸ் பரப்பில் இயங்குபவை. மாலையானால் வரிசை வீடுகள் எல்லாவற்றிலும் படம் ஓடும், வானலை நிறைந்துவிடும். ஆனால் போன வருடமும் இதே அயலவர்கள்தானே இருந்தார்கள்?

விடை மகனுடைய அறையில் இருந்தது. ஸிக்பீயில், சுவர் மின்சாரத்தில் இயங்கும் கருவிகள் பல மற்றவற்றின் செய்திகளையும் வாங்கிக் கடத்தும். பற்றரிக் கருவிகள் கடத்தமாட்டா. செப்டெம்பரில் வாட்டர்லூவுக்குப் படிக்கப் போனவன் தன் மேசைவிளக்கோடு அதன் ஸ்மார்ட் பிளக்கையும் எடுத்துப் போயிருந்தான். பட்டனின் செய்தியைக் கடத்திக்கொண்டிருந்தது அந்தப் பிளக்தான். அது போன பிறகு செய்தி வெப்பமூட்டியின் தகரக் குழாய்களைத் தாண்டித் தனியே போகவேண்டி இருந்தது. பகலில் எப்படியோ போய்ச் சேர்ந்தது. மாலை இரைச்சலில் அமுங்கிப்போனது.

இந்தத் தொல்லைக்கு வயது அதிகம். 1975இல் ஸ்கொட்லாந்தின் பிக்கோ நிறுவனம் உருவாக்கிய எக்ஸ்-10 முறை, வீட்டு மின்கம்பி வழியாகவே கட்டளை அனுப்பியது. வட அமெரிக்க வீடுகளுக்கு மின்சாரம் 120 வோல்ட் கொண்ட இரண்டு பாதைகளாக வரும். ஒரு பாதையில் போன கட்டளை மற்றதுக்குப் போக இடையில் இணைப்பு வேண்டும். அது இல்லாத வீடுகளில், இரண்டு பாதைகளையும் தொடும் 240 வோல்ட் அடுப்பு எரியும்போது மட்டும் சில விளக்குகள் சொல்கேட்கும். எந்த நேரத்தில் என்று கவனித்தவர்களுக்கே அதன் காரணம் பிடிபட்டிருக்கும்.

நடையில் ஒரு புதுப் பிளக் வைத்தேன். ஸிக்பீ அலைவரிசையையும், வைஃபை அதிகம் தொடாத 25க்கு மாற்றினேன். அதன்பின் பட்டன் தவறவில்லை.

என்றாலும் எனக்கு மனம் ஆறவில்லை. யாரோ ஒரு பிளக்கைக் கழற்றினால் அம்மாவின் படிக்கட்டு மறுபடி இருண்டுவிடும். படிக்கட்டின் தலைப்பிலும் அடியிலும் சுவிச் வேண்டும் என்று ஒன்ராறியோ கட்டட விதிகள் பொதுவாகக் கேட்பது வெறும் வசதிக்காக அல்ல. அனுமதிப்பத்திரம் உள்ள மின்பணியாளர் ஒருவரை அழைத்தோம். சுவருக்குள்ளால் கம்பி இழுத்து, மேலேயும் கீழேயும் சாதாரண சுவிச் பூட்டினார். மின்பாதுகாப்பு அதிகாரசபைக்கு அறிவிப்பதும் அவர் பொறுப்பு. செலவு பட்டனைவிடப் பல மடங்கு. வயதானவர்கள் இருக்கும் வீட்டில் அதைச் செய்யத்தான் வேண்டும் என்று யாரிடமும் சொல்வேன்.

பட்டன் இப்போது வரவேற்பறை விளக்குக்கு. அங்கே அது தவறினாலும் எழுந்துபோய் ஏற்றிக்கொள்ளலாம்.