கத்திக்கு முன்னால் விளக்கு

மாஸ்கோவில் ஐகான்கள் எனும் புனிதர் ஓவியங்களைப் பழுதுபார்க்கும் கூடம் ஒன்றில் ஒரு பலகையை மேசைமேல் கிடத்தியிருந்தார்கள். லிண்டன் மரம், இரண்டு முழ உயரம். கறுத்துப்போன பரப்பில் ஒரு புனிதர் நிற்பது தெரிகிறது, அவ்வளவுதான். கருமைக்கு மெழுகுவத்திப் புகை மட்டும் காரணமில்லை. ஓவியம் முடிந்ததும் மேலே பூசும் ஒலிஃபா, அதாவது காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய், நூறு ஆண்டுக்குள் தானாகவே கறுத்துவிடும். அடுத்த தலைமுறை ஓவியர் உள்ளே மங்கலாகத் தெரியும் கோடுகளை ஒட்டி அதன் மேலேயே புதிதாக வரைந்துவிடுவார். மறுபடி ஒலிஃபா, மறுபடி கருமை. ஒரே பலகையில் மூன்று நான்கு நூற்றாண்டுகள் அடுக்கடுக்காகக் கிடப்பது இப்படித்தான்.

அந்த அடுக்குகளைப் பிரிக்கும் வேலை ஒரு காலத்தில் முழுக்கக் கத்திமுனையில் நடந்தது. அந்திரேய் ருப்ளோவின் ‘திரித்துவம்’ ஐகானை 1904இல் அதன் மேலிருந்த உலோகக் கவசம் கழற்றிச் சுத்தம் செய்த வசீலி குர்யானோவ், தன் தூரிகையாலும் சில இடங்களைத் தீட்டி வைத்தார். 1918இல் இன்னொரு குழு அதையும் களைய வேண்டியிருந்தது. விளாதிமீர் அன்னையின் ஐகானை கிரிகோரி சீரிக்கோவ் சுத்தம் செய்ததும் அதே காலத்தில்தான். 12ஆம் நூற்றாண்டு பைசாந்திய ஓவியத்தில் எஞ்சியிருந்தவை பெரும்பாலும் தாய், சேய் முகங்கள் மட்டுமே. கைதேர்ந்தவர்கள், சந்தேகமில்லை. ஆனால் சுரண்டிய பிறகுதான் சுரண்டியது என்னவென்று தெரியும் என்பது அன்றைய நிலைமை.

இப்போது கத்திக்கு முன்னால் விளக்கு வருகிறது. பழுதுபார்ப்பில் தலைநரைத்த அம்மாள் ஒருவர், ஜன்னல் திரையை இழுத்துவிட்டு ஒரு சாதாரண விளக்கைப் பலகையின் விளிம்போடு தாழ்த்திப் பிடித்தார். தட்டையாகத் தெரிந்த பரப்பில் மேடுபள்ளம் எழுந்தது. சுண்ணத்தூளும் பசையும் குழைத்துப் பூசிய வெண்தளத்தில், வண்ணம் தீட்டுமுன் ஊசியால் கீறிய கோடுகள் அவை. ஒளிவட்டத்தின் கீறல் ஓரிடத்தில் இருக்க, மேலே தெரியும் தலையோ விரலகலம் தள்ளி இருந்தது. “வட்டம் ஒருவருடையது, தலை இன்னொருவருடையது” என்றார், மொழிபெயர்ப்பாளர் வழியாக.

புற ஊதா ஒளியில் பழைய ஒலிஃபா மங்கிய பச்சையாக ஒளிர்ந்தது. பின்னாளில் தொட்டுத் தீட்டிய இடங்கள் கருந்திட்டுகளாக நின்றன. அங்கியின் ஓரத்தில் மட்டும் மஞ்சள் கலந்து ஒரு பளிச். துத்தநாக வெள்ளையாக இருக்கலாம் என்றார்கள். அது ஓவியர் கைக்கு வந்ததே 19ஆம் நூற்றாண்டில்.

நான் நெடுநேரம் நின்றது எக்ஸ்ரே படத்தின் முன்தான். ஈய வெள்ளை கதிரைத் தடுக்கும். மண் நிறங்கள் விட்டுவிடும். நெற்றியிலும் கன்னத்திலும் மயிரிழையாக வைத்த ஈய வெள்ளைக் கீற்றுகள் அடியில் இன்னொரு முகத்தைக் காட்டின. மேலிருப்பவர் நேரே பார்க்கிறார். கீழிருப்பவர் தலை சற்றே சாய்ந்திருக்கிறது. கூடவே முதுகுப்பக்கக் கட்டைகள், கவசம் அறைந்த ஆணித்துளைகள், பூச்சி அரித்த தடங்கள் என எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்து குழப்புகின்றன. கருவி படத்தைத்தான் தரும். எந்தக் கோடு எதனுடையது என்று பிரிப்பவர் பக்கத்தில் இருந்த இளம் இயற்பியலாளர்.

தனிமங்களைக் கண்டறியும் எக்ஸ்ரே கருவியும் அப்படியே. பாதரசம் வந்தால் சாதிலிங்கச் சிவப்பு, செம்பு வந்தால் அசுரைட் நீலமோ ஒரு பச்சையோ. எந்த அடுக்கிலிருந்து வந்தது என்று அது சொல்லாது. லாபிஸ் லசூலி நீலத்தில் கனமான தனிமம் ஏதும் இல்லாததால் அதில் தடுமாறும். அங்கே கைகொடுப்பது ராமன் நிறமாலை. ஒலிஃபாவின் ஒளிர்வு அதன் குறிகளை மூழ்கடிக்காமல் இருந்தால். சர் சி.வி. ராமன் 1928இல் கண்ட, இந்த முறைக்கு அடிப்படையான விளைவை அதே ஆண்டில் மாஸ்கோவில் மண்டல்ஷ்தாமும் லண்ட்ஸ்பெர்க்கும் குவார்ட்சில் கண்டார்கள். 1930இன் நோபல் பரிசு ராமனுக்கு மட்டும் போனது. திருச்சிக்காரர் என்று நான் பெருமையாகச் சொன்னபோது இயற்பியலாளர் மரியாதையாகத் தலையசைத்தார். வேறொன்றும் சொல்லவில்லை.

அடியில் இருப்பதைப் பார்த்துவிட்டால் அதை வெளியே கொண்டுவரக் கை துறுதுறுக்கும். எனக்கே துறுதுறுத்தது. அம்மாள் எக்ஸ்ரே படத்தில் மோவாய்ப் பக்கத்தைச் சுட்டிக் காட்டினார். கீற்றுகள் அங்கே பாதியில் அறுந்திருந்தன. வண்ணம் அங்கே வெண்தளத்தோடு பெயர்ந்து போயிருக்கிறது. கீழே பாதி முகம், மேலே முழு முகம். மேலே வரைந்தவரும் ஓவியர்தானே, அவர் வேலையை எந்த உரிமையில் அழிப்பது என்றார் அவர். இயற்பியலாளருக்கு அது பிடிக்கவில்லை. அகச்சிவப்பில் இன்னொரு முறை எடுத்தால் மோவாயில் கரிக்கோடு கிடைக்கக்கூடும் என்று வாதாடினார்.

கடைசியில் மேல் அடுக்கை அகற்ற வேண்டாம் என்று அறிக்கை எழுதப்பட்டது. ‘இப்போதைக்கு’ என்ற சொல்லைச் சேர்க்கச் சொன்னார் இயற்பியலாளர். அம்மாள் மறுக்கவில்லை.