கப்பலேறிய சொற்கள்

ஆங்கில அகராதியைப் புரட்டும் தமிழ் மாணவர் சில பக்கங்களிலே தம் வீட்டுச் சொற்களையே சந்திப்பர். 'கற்றமரான்' என்பது நமது கட்டுமரம். வில்லியம் டாம்பியர் என்னும் ஆங்கில மாலுமி 1697இல் வெளியிட்ட கடற்பயண நூலில் அச்சொல்லை எடுத்தாண்டுள்ளார். 'செரூட்' என்பது நமது சுருட்டு. 'மல்லிகற்றோனி' என்னும் சூப்பு நமது மிளகுத் தண்ணீரே. புகுந்த வீட்டு வழக்கத்துக்கேற்ப இவை சற்றே மாறியும் உள்ளன. கட்டுமரம் அங்கே இரட்டை உடல் கொண்ட படகாயிற்று. மிளகுத் தண்ணீரில் இறைச்சியும் சேர்ந்தது.

இவற்றைக் கண்டு பெருமை கொள்வது இயல்பு. எனக்கும் அப்பெருமை உண்டு. ஆயினும், அதே அகராதியில் 'பரையா' என்ற சொல்லைக் காணும்போது என் தலை தாழ்கிறது.

பறை என்னும் இசைக்கருவியின் அடியாகப் பிறந்தது பறையர் என்னும் பெயர் என்பர். பதினேழாம் நூற்றாண்டில் ஆங்கிலத்துட் புகுந்தபோது அது ஒரு சமூகத்தாரின் பெயராகவே இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலோ, யாவராலும் ஒதுக்கப்பட்டவன் என்னும் பொதுப் பொருளைப் பெற்றது. இன்று, பிற நாடுகளால் விலக்கப்பட்ட அரசையும் ஆங்கிலப் பத்திரிகைகள் அச்சொல்லாற் குறிக்கின்றன.

இப்பழியை ஆங்கிலேயர் மீது சுமத்தித் தப்பிவிடலாமா? ஒரு மக்கட் கூட்டத்தை ஊருக்குப் புறம்பே நிறுத்தியது நமது சமூகம். வந்தவர்கள் கண்டதை எழுதினார்கள். அச்சொல் கப்பலேறிய அன்றே நமது மானமும் கப்பலேறிற்று.

1893இல் சென்னையில் இரட்டைமலை சீனிவாசன் தாம் தொடங்கிய பத்திரிகைக்குப் 'பறையன்' என்றே பெயர் சூட்டினார். பிறர் இகழ்ந்து கூறிய பெயரை நாணாது முகப்பிலே பொறித்தார். இழிவு அப்பெயரில் இல்லை, இகழ்வோர் நாவிலேதான் உள்ளது என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

மாணவர்களே, ஆங்கிலம் எழுதுகையில் அச்சொல் உங்கள் பேனா முனைக்கு வருமாயின் சற்றே நில்லுங்கள். விலக்கப்பட்டோரைக் குறிக்க ஆங்கிலத்தில் வேறு சொற்கள் உள. பெற்றோருக்கும் ஒரு வார்த்தை: கோபத்தில் பிள்ளைகளைச் சாதிப் பெயர் சொல்லி வையும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் முற்றாக ஒழியவில்லை. ஆங்கில அகராதியைத் திருத்துவது நம் கையில் இல்லை. நம் வீட்டுப் பேச்சைத் திருத்துவதற்கு எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.