எந்த 12-ந்தேதி?

மேட்டூர் அணையின் கிழக்கு, மேற்குக் கால்வாய்களை நம்பிச் சேலம், நாமக்கல், ஈரோடு மாவட்டங்களில் 45,000 ஏக்கர் நிலம் இருக்கிறது. ஆகஸ்ட் 1 முதல் டிசம்பர் 15 வரை 137 நாள் தண்ணீர் விடுவது வழக்கம். காவிரி டெல்டாவுக்கு அணையைத் திறப்பதோ ஜூன் 12. ஆனால் காவிரி எல்லா வருஷமும் வழக்கத்துக்குக் கட்டுப்படுவதில்லை. 2022-இல் டெல்டாவுக்கு மே 24-ஆம் தேதியே திறந்தார்கள்; 2024-இல் ஜூலை 28 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நாற்று விடுகிறவர்களுக்கு இந்தத் தேதிகள்தான் வரலாறு. அதனால்தான் பழைய அணைச் செய்திகளைக் கணினியில் சேர்த்து, அவற்றிலிருந்து தேதியையும் நேரத்தையும் பிரித்தெடுக்கும் வேலையில் இறங்கினேன்.

அதற்கான கருவி ரெகுலர் எக்ஸ்பிரஷன். கணித அறிஞர் ஸ்டீபன் கிளீனி 1950-களில் வகுத்த கருத்து. அதைக் கொண்டு கணினியில் எழுத்துகளைத் தேடும் முறையை 1968-இல் கென் தாம்ஸன் வெளியிட்டார். சொல்லைக் கொடுத்துத் தேடாமல், அதன் அமைப்பைக் கொடுத்துத் தேடுவது இது. ‘ஓரிரு இலக்கம், புள்ளி, ஓரிரு இலக்கம், புள்ளி, நான்கு இலக்கம்’ என்று சொன்னால் 12.6.2023 அகப்படும்.

நம் பத்திரிகைகள் அப்படி மட்டுமா எழுதுகின்றன? ஒன்றில் ‘12-ந்தேதி’, இன்னொன்றில் ‘12-ஆம் தேதி’, வேறொன்றில் ‘ஜூன் 12’. இப்படி ஒரு செய்தி வருகிறது என்று வைத்துக்கொள்வோம்: ‘நேற்று காலை 8 மணி நிலவரப்படி நீர்மட்டம் 112.36 அடி. வருகிற 12-ந்தேதி தண்ணீர் திறக்கப்படும்.’ ஆண்டில்லாத தேதியையும் பிடிக்கலாம் என்று விதியைத் தளர்த்தினால், 112.36-க்குள்ளிருந்து 12.36 என்று ஒரு போலித் தேதி கிளம்பி வரும். ‘முன்னும் பின்னும் வேறு இலக்கம் ஒட்டியிருக்கக் கூடாது’ என்று விதியை இறுக்கினால்தான் அடி அடியாகவே இருக்கும்.

மாதப் பெயரில் சிக்கல் வேறு விதம். பைத்தான் என்ற கணினி மொழியோடு வரும் தேடல் கருவி ஜ, ன ஆகியவற்றை எழுத்தாக ஏற்கிறது. ஊகாரக் குறியையும் மெய்ப்புள்ளியையும் ஏற்பதில்லை. சொல்லைப் பிரித்துத் தரச் சொன்னால் ‘ஜூன்’ இரண்டு துண்டாக வந்து நிற்கும். ‘அக்டோபர்’ என்பதிலுள்ள ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம். கொம்பு, கால் என்று இரண்டாகவும் சேமிக்கலாம். நம் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, கணினிக்கு வெவ்வேறு. முதலில் எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்தாக வேண்டும். தமிழ் அறிந்தவர்கள் உட்கார்ந்து எழுதினாலொழிய இந்த விதிகள் தாமாக அமையமாட்டா.

இத்தனையும் சரியாக அமைந்த பிறகும், பிடிபட்ட 12 எந்த மாதத்து 12? ‘நேற்று’ எந்த நாள்? வாக்கியத்துக்குள் விடை இல்லை. பத்திரிகை வெளியான தேதியில் இருக்கிறது. இன்னொன்று: ‘திறக்கப்படும்’ என்பது அறிவிப்பு, ‘திறக்கப்பட்டது’ என்பது நடந்த காரியம். தேதியை மட்டும் எடுத்துக்கொண்டு வினைச்சொல்லை விட்டுவிட்டால், வராத தண்ணீரும் வந்ததாகப் பட்டியலில் ஏறிவிடும். எனவே தேதி, வினைச்சொல், இதழ் வெளியான நாள் மூன்றையும் சேர்த்தே பதிகிறேன். மூல வாக்கியத்தையும் பக்கத்திலேயே வைக்கிறேன்.

வீட்டிலும் நூலகத்திலும் செய்தித் துணுக்குகளை வெட்டி வைத்திருப்பவர்கள் நிறைய. அவர்களிடம் ஒரு வேண்டுகோள்: துணுக்கின் ஓரத்தில் அந்த இதழின் நாள், மாதம், ஆண்டை எழுதி வையுங்கள். மற்றதை எந்தக் கருவியாவது ஒருநாள் தேடித் தந்துவிடும். எழுதி வைக்காத அந்த ஒரு தேதியை எதனாலும் தர முடியாது.