நீவிவிடும் கை



ஒர்க்‌ஷாப்பில் உளியைப் பிடித்துக்கொண்டு சுத்தியலை ஓங்குகிறோம். குறி தவறி அடி கட்டைவிரலில் விழுகிறது. உடனே மறு கையால் விரலை அமுக்கித் தேய்க்கிறோம். யாரும் சொல்லிக் கொடுத்து வந்த பழக்கமில்லை இது. தேய்த்தால் வலி கொஞ்சம் அடங்கவும் செய்கிறது. ஏன்?

1965-ல் ரொனால்ட் மெல்சாக், பாட்ரிக் வால் என்ற இருவர் இதற்கு ஒரு விளக்கம் சொன்னார்கள். அடிபட்ட பிறகு விண்விண்ணென்று நீடிக்கும் வலி மெல்லிய நரம்பு வழியாக, நொடிக்குச் சுமார் 1 மீட்டர் வேகத்தில் நடந்து போகிறது. தொடுதலும் அழுத்தமும் தடித்த, உறை போட்ட நரம்பு வழியாக, நொடிக்கு 35 மீட்டருக்கும் மேலான வேகத்தில் ஓடுகின்றன. இரண்டும் தண்டுவடத்தில் சந்திக்கின்றன. அங்கே ஒரு கதவு மாதிரி ஏற்பாடு இருக்கிறது. தொடுதல் வந்தால் வலிக்குக் கதவு பாதி சாத்தப்படுகிறது. எலெக்ட்ரிகல்காரர்கள் இன்டர்லாக் என்று வைத்துக்கொள்ளலாம். பின்னால் வந்தவர்கள் அந்த சர்க்யூட்டில் நிறையத் திருத்தம் செய்துவிட்டார்கள். ஆனால் அடிப்படை நிற்கிறது.

இன்னொரு சுவையான செய்தி. பீசோ எலெக்ட்ரிக் என்று படிக்கிறோமே, அந்த 'பீசோ' அழுத்தத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. தொடுதலை மின் சிக்னலாக மாற்றும் புரதத்துக்கும் பீசோ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். 2010-ல் அதைக் கண்டுபிடித்த ஆர்டெம் படபூட்டியனுக்கு 2021-ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

இதையெல்லாம் நான் தேடிப் படித்ததற்குக் காரணம் என் அப்பா. லேத் பட்டறையில் வேலை பார்த்தவர். நான் முதலாமாண்டு சேர்ந்த வருஷம் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. ஊரில் ஆளுக்கொரு யோசனை. "ஒரு மண்டலம் எண்ணெய் போட்டு நீவுங்க, கை தானா வந்துரும்" என்று ஒருவர் அடித்துச் சொன்னார். அம்மாவும் நானும் 48 நாளும் மாறி மாறி நீவினோம். கை வரவில்லை. ஆனால் வேறொன்று நடந்தது. ராத்திரி முழுக்க "இவன் படிப்பு என்னாகும்" என்று புலம்பிக்கொண்டு கிடந்தவர், நீவிவிட்டால் மூச்சு நிதானப்பட்டு அப்படியே தூங்கிப்போனார்.

கை ஏன் வரவில்லை? மோட்டார் நன்றாக இருக்கிறது, கேபிளும் இருக்கிறது, கருகியது கன்ட்ரோல் பேனல். மோட்டார் மேல் எண்ணெய் தேய்த்தால் பேனல் சரியாகுமா? மூளை வேறு வழியாக வயரிங் போட்டுக்கொள்ளும். ஆனால் அதற்கு அந்த மனுஷன் தானே திரும்பத் திரும்ப முயல வேண்டும். பிசியோதெரபி அக்கா சொன்னதும் அதுதான்: "எண்ணெய் தேய்க்கிறதை நான் வேணாங்கலை தம்பி. ஆனா அப்பாதான் கையைத் தூக்கப் பார்க்கணும். நீங்க தூக்கிவிட்டா உங்க கைக்குத்தான் பயிற்சி." இப்போது அப்பா டம்ளரைப் பிடித்துக்கொள்கிறார். வாய்க்குக் கொண்டு போகத்தான் முடியவில்லை.

தூக்கம் ஏன் வந்தது? நம் தோலில் இன்னொரு வகை மெல்லிய நரம்பு இருக்கிறது. முக்கியமாக, ரோமம் உள்ள தோலில். வலிக்கு அல்ல, மெதுவான வருடலுக்கு என்றே அமைந்தது. நொடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில் நீவினால்தான் அது நன்றாகப் பேசும் என்று 2009-ல் ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்கள் காட்டினார்கள். மூளையில் அது போய்ச் சேருவது உணர்ச்சிகளோடு சம்பந்தப்பட்ட இடத்துக்கு. என் அம்மா என்ன ஸ்டாப் வாட்ச் வைத்துக்கொண்டா நீவினார்? கை தானாக அந்த வேகத்துக்கு வந்துவிடுகிறது. மரத்துப்போன இடது கையைவிட, முதுகை நீவும்போதுதான் அப்பா கண்ணை மூடுவார்.

2004-ல் 37 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். ஒரு தடவை மசாஜ் செய்தாலே பதற்றமும் இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் கொஞ்சம் இறங்குகின்றன; தொடர்ந்து செய்தால் மனச்சோர்வு குறைகிறது. ஆனால் எல்லோரும் பெரிதாகச் சொல்லும் கார்டிசால் என்ற ஹார்மோனில் உறுதியான மாற்றம் தெரியவில்லை. "உடம்பு விஷமெல்லாம் இறங்கிடும்" என்று விளம்பரம் செய்கிறார்களே, அது சுத்த வியாபாரம். விஷத்தை இறக்கக் கல்லீரலும் சிறுநீரகமும் இருக்கின்றன.

வீட்டில் இப்படி யாராவது படுத்திருந்தால் ஒன்றிரண்டு விஷயம். உணர்ச்சி இல்லாத பக்கத்தில் சூடான எண்ணெய் வேண்டாம், வெந்தாலும் அவர்களுக்குத் தெரியாது. விழுந்த கையைப் பிடித்து இழுக்காதீர்கள், தோள்மூட்டு இறங்கிவிடும். கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் தேய்க்கவே கூடாது. உள்ளே ரத்தக்கட்டி இருக்கலாம், அது பெயர்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. உடனே டாக்டரிடம் போங்கள்.

அப்புறம், சலூன். முடி வெட்டி முடித்ததும் தலையைப் பிடித்து 'டக்'கென்று சொடக்கு எடுப்பது நம் பசங்களுக்கு ரொம்பப் பிடிக்கும். மூளைக்குப் போகும் இரண்டு ரத்தக்குழாய்கள் கழுத்தெலும்பின் துளைகள் வழியாகத்தான் ஏறுகின்றன. வெடுக்கென்று திருப்பினால் அதன் உட்சுவர் கிழிந்து, ரத்தம் கட்டி, பக்கவாதம் வரலாம். எப்போதோ ஒருவருக்குத்தான். ஆனால் அந்த ஒருவர் இருபது வயதுக்காரராகவும் இருக்கலாம். அதனால் நான் சீட்டில் உட்காரும்போதே சொல்லிவிடுவேன்: "அண்ணே, கழுத்தைத் திருப்ப வேணாம், தோளை மட்டும் அமுக்கிவிடுங்க." அவரும் சிரித்துக்கொண்டே இரண்டு நிமிஷம் அமுக்கிவிடுவார். அதற்குத் தனியாகக் காசும் கேட்பதில்லை.